சந்தனப் பொட்டுக்குக் கட்டம் இல்லை

1

ஆயுத பூசை முடிந்து இன்றோடு மூன்று வாரம். என் கார் வீட்டு வாசலில் நிற்கிறது. கெட்டுப்போன வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் உறுமும், விளக்கெல்லாம் எரியும், கேட்டால் பாட்டுக்கூடப் பாடும். ஆனால் ஓட்டக் கூடாது. ஓடுகிற வண்டியை ஓட்டக் கூடாது என்று ஒரு நிலைமை உலகத்தில் உண்டு என்பதை இந்த ஜெர்மனி தேசம்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

என் பெயர் பூமயில். சாயல்குடிக்கு மேற்கே, கடல் காற்று வரும், கடல் தெரியாத ஒரு கரிசல் ஊரில் பிறந்தவள். இங்கே வந்து பதினொரு வருடம். வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு ஊசி போட்டு, புண் துடைத்து, மாத்திரை எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் வேலை. காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் மதியத்துக்குள் ஒன்பது வீடு, ஐந்து ஊர். கார் இல்லாவிட்டால் நான் நர்ஸ் இல்லை, நடைபயணி. மகள் கயலுக்குப் பதினாலு வயது. அவளுடைய அப்பா இப்போது வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அந்தக் கதையை எழுத எனக்குத் தாளும் இல்லை, பொறுமையும் இல்லை.

ஊரில் அய்யா தனியாக இருக்கிறார். அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை மாரியூர் கடலில் செய்துவிட்டு நாங்கள் விமானம் ஏறி ஐந்து வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு போகவில்லை. இந்த டிசம்பரில் கட்டாயம் வருகிறோம் என்று சொல்லியிருந்தேன். வங்கியில் தனியாக ஒரு கணக்கு வைத்து அதற்கு 'ஊர்' என்று பெயரும் கொடுத்திருந்தேன். பூசை வந்த வாரத்தில்தான் அதில் இரண்டு டிக்கெட்டுக்கான தொகை சேர்ந்திருந்தது. அய்யா காலண்டரில் டிசம்பர் தாளை இப்போதே மடித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் முதல் இரண்டு நாள் சிரித்தேன்.

2

பூசை அன்று திங்கட்கிழமை. விடுமுறையெல்லாம் கிடையாது. காலை ஏழேகால் மணிக்கு, இரண்டு வீட்டுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பி வந்து, வாசலிலேயே பூசையை முடித்தேன். வருடா வருடம் செய்வதுதான். பன்னீரில் சந்தனப் பொடியைக் குழைத்து, அதன்மேல் குங்குமம். போன வசந்தம் வரைக்கும் என்னிடம் இருந்தது பழைய கார். அதற்கு எங்கே பொட்டு வைத்தாலும் வாயைத் திறக்காது. அது புகைப் பரிசோதனையில் தோற்றுப்போனதால் இந்த வண்டியை வாங்கினேன். இதற்கு மூக்கில், கம்பெனி முத்திரை இருக்கும் இடத்தில், வட்டமாக ஒரு பளபளப்பு. பொட்டு வைக்கவே செய்துவைத்த மாதிரி இருந்தது. கை நிறையச் சந்தனம் எடுத்து அங்கே அப்பினேன். மேலே முன்கண்ணாடியின் உச்சியிலும் ஒன்று.

அய்யாவோடு வீடியோவில் பேசிக்கொண்டேதான் இதெல்லாம். பூசை நாளில் இரண்டு பேரும் அவரவர் வண்டியைக் காட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். அவருடைய டிராக்டர் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழத்தோடு நின்றது.

"ஏத்தா மயிலு, பொட்டு வச்சிட்டியா?"

"வச்சாச்சுய்யா."

"பழம்?"

"நாலும் வச்சாச்சு. நீங்க எடுங்க, நசுங்குற சத்தம் கேட்கணும்."

"இல்லத்தா, இங்கன இப்ப எமகண்டம். சாயங்காலமா எடுத்துக்கிறேன். உங்க ஊருக்கு அது வேற நேரம், நீ எடு."

எடுத்தேன். பட் பட்டென்று நான்கு பழமும் நசுங்கின. "அம்புட்டுத்தான், இனி ஒரு வருசத்துக்குக் கவலயில்ல" என்றார் அய்யா.

3

கவலை அடுத்த முக்கால் மணி நேரத்தில் வந்தது. மக்காச்சோளக் கொல்லைக்கு நடுவே போகும் நேர்ரோடு. முன்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை. கார் திடீரென்று வீறிட்டுக் கத்தி, தானாகவே பிரேக்கைப் போட்டு நடுரோட்டில் நின்றது. பெல்ட் நெஞ்சை அறுத்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஒதுங்கிப் போகும்போது நெற்றியில் விரலைத் தட்டிக் காட்டினார். புத்தி இல்லையா என்று அர்த்தம். புத்தி எல்லாம் வண்டிக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

முத்திரைக்குப் பின்னால் ஒரு ராடார் இருக்கிறதாம். முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதுதான் பார்க்கிறதாம். முன்கண்ணாடியின் உச்சியில் கேமரா. ஆக நான் பொட்டு வைத்தது நெற்றியில் இல்லை, இரண்டு கண்ணிலும். இல்லாத சுவரைக் கண்டு வண்டி பயந்து நின்றிருக்கிறது.

தெரிந்தவுடன் என்ன செய்திருக்க வேண்டும்? ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்திருக்க வேண்டும். கண்ணாடியில் அப்படித்தான் துடைத்தேன். மூக்கில் இருந்தது காய்ந்து பிடித்துக்கொண்டது, குங்குமம் வேறு சாயமாக ஊறியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் கை என்னைக் கேட்காமலே புளியை எடுத்தது. குத்துவிளக்கிலும் சாமி தட்டிலும் இருக்கும் சந்தனத்தைப் புளியும் உப்பும் போட்டு நாரால் தேய்த்து எடுத்தே பழகிய கை. நன்றாக அழுத்தித் தேய்த்தேன். பளபளப்பு வரும் வரைக்கும் தேய்ப்பதுதானே வழக்கம். பளபளப்பு போகும் வரைக்கும் தேய்த்தேன். முத்திரை பித்தளை இல்லை, பிளாஸ்டிக். கண்ணில் பூ விழுந்த மாதிரி வெளுத்துவிட்டது.

மறுநாள் காலை வண்டியை எடுத்ததும் சிவப்பு எழுத்தில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வாக்கியம் போகவில்லை.

4

பட்டறை என்று சொன்னால் உங்களுக்குக் கிரீஸ் கறையும் டீ டம்ளரும் ஞாபகம் வரும். இங்கே அது கண்ணாடி மாளிகை. வரவேற்பில் காபி இயந்திரம், பளிங்குத் தரை, சட்டையில் சுருக்கம் இல்லாத ஒரு ஆலோசகர். மெக்கானிக்கை நாம் பார்க்கவே முடியாது. கோயில் கருவறைக்குள்ளாவது எட்டிப் பார்க்கலாம்.

என்ன நடந்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் நோயாளிகளிடம் கற்றது. புண், களிம்பு, கட்டு, மலச்சிக்கல் எல்லாம் தங்குதடையின்றி வரும். காரைப் பற்றிப் பேசும்போதும் அதுதான் வந்தது. "திருநாள் என்பதால் வண்டியின் நெற்றியில் களிம்பு தடவினேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எந்தக் களிம்பு? அந்தப் பொருளுக்கான பாதுகாப்புத் தாள் இருக்கிறதா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளத் தயாரானார். சாயல்குடி பூசைச் சாமான் கடையில் வாங்கிய பாக்கெட்டை நீட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு லட்சுமி படம்தான் இருந்தது.

முத்திரை மாற்ற வேண்டும். நான் அழுத்திய அழுத்தில் பின்னால் இருக்கும் ராடார் ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டது, அதையும் அதன் சட்டத்தையும் மாற்ற வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது, தனிக் கூடத்தில் நிறுத்தி, பலகைகளைக் காட்டி, அதற்கு மறுபடி பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தக் கூடத்தில் இடம் கிடைக்க நான்கு வாரம் ஆகும். தொகையைத் தாளில் எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதேதான். முத்திரை விலை ஒரு பங்கு, அதற்குக் கண் திறக்கும் கூலி மூன்று பங்கு. இரண்டு விமான டிக்கெட் அந்தத் தாளில் மல்லாந்து கிடந்தன.

"அந்த ராடாரே எனக்கு வேண்டாம், கழற்றிவிடுங்கள். நானே கண்ணால் பார்த்து ஓட்டுகிறேன்" என்றேன்.

கழற்றினால் வண்டிப் பரிசோதனையில் தேறாதாம். பரிசோதனைக்கு இந்த மாதம்தான் கெடு. கோளாறு விளக்கு எரியும் வண்டியில் நோயாளி வீட்டுக்குப் போகக் கூடாது என்று எங்கள் அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே ஒரு கடிதம் வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்துக்குள் வண்டியைச் சரிசெய்யாவிட்டால் என்னை அலுவலகத்துக்குள் காகித வேலைக்கு மாற்றுவார்களாம், பாதிச் சம்பளத்தில்.

யாரோ சொன்னார்கள் என்று ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சிரியாக்காரர் ஒருவரின் பட்டறைக்கும் போனேன். அங்கே கிரீஸ் இருந்தது, டீ இருந்தது, மனுசர் இருந்தார். பாதி விலையில் செய்வேன் என்றார். செய்யவும் தொடங்கினார். ஆனால் வண்டியின் கம்ப்யூட்டர் அவரிடம் கடவுச்சொல் கேட்டது. அது கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கிறது. "கை இருக்கிறது, கருவி இருக்கிறது, அனுமதி இல்லை" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். டீக்குக் காசு வாங்கவில்லை.

கடைசியாகக் காப்பீட்டுக்கு மனுப் போட்டோம். இணையத்தில் படிவம். என் ஜெர்மனை நம்பாமல் கயலே நிரப்பினாள். சேதத்துக்கான காரணம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. ஆலங்கட்டி மழைக்கு ஒரு கட்டம், கல் தெறித்ததற்கு ஒரு கட்டம், மான் மோதியதற்கு ஒன்று. மரநாய் கடித்தால்கூட ஒரு கட்டம் இருக்கிறது. இங்கே மரநாய்கள் காருக்குள் புகுந்து வயரைக் கடிக்குமாம், அதற்கு மரியாதையாகப் பணம் கொடுப்பார்கள். சந்தனப் பொட்டுக்குக் கட்டம் இல்லை.

"நாசவேலைன்னு ஒண்ணு இருக்கு. போடவா?" என்றாள் கயல்.

"நாசவேலையா? பூசைடி அது."

"வண்டியைப் பொறுத்தவரைக்கும் நாசவேலைதானே?"

கடைசியில் 'மற்றவை' என்பதைத் தட்டி, 'சமய அலங்காரம்' என்று எழுதினாள். நான்கு நாளில் பதில் வந்தது. உரிமையாளர் தானே தெரிந்து செய்த மாற்றத்துக்கு இழப்பீடு இல்லை. கீழே, உங்கள் நாள் இனியதாக அமையட்டும் என்று போட்டிருந்தார்கள்.

5

நீங்கள் இப்போது 'அந்தக் காலத்து வண்டி மாதிரி வராது' என்று ஆரம்பிப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் காலத்து வண்டியோடு வளர்ந்தவள் நான். அய்யாவின் பழைய டிராக்டர் தினம் ஒரு கழுத்தறுப்பு. கண்மாய்க் கரையில் அது பின்னோக்கி உருண்டதில் அவருடைய இடது கால் பெருவிரல் போனது. பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் அதைத் தள்ளித் தள்ளி என் சீருடையில் டீசல் வாடை போனதே இல்லை. அதைக் கொண்டாட எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. நான்கு வருடத்துக்கு முன்னால் "அந்த எமனைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்குங்கய்யா" என்று அடம்பிடித்துப் பணம் அனுப்பியவளே நான்தான். "ஓடுற வண்டிய எதுக்குத்தா தள்ளணும்" என்றார். கேட்கவில்லை. போட்டோவில் புது டிராக்டர் சிவப்பாக நின்றதைப் பார்த்து என் மனசு குளிர்ந்தது உண்மை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பழைய டிராக்டர் நின்றால், எது நின்றது என்று தெரியும். அய்யா அதை ஒரு உதை விட்டு, அதன் ஆத்தாளையும் சேர்த்து வைவார். பிறகு கம்பியை எடுத்துக்கொண்டு கீழே படுப்பார். இந்தக் காரிடம் கோபப்பட எனக்கு ஆள் இல்லை. உதைத்தால் உதைத்ததையும் பதிவுசெய்துகொள்ளும்.

என் நோயாளிகளில் ஹெல்கா என்று ஒரு கிழவி உண்டு, எண்பத்தெட்டு வயது. அவள் வீட்டு ஜன்னலின் வெளிமறைப்பு மின்சாரத்தில் ஏறி இறங்குவது. கூடத்து மறைப்பு இறங்கிய நிலையில் சிக்கிவிட்டது. கையால் தூக்க வழியே வைக்கவில்லை. ஆள் வர மூன்று வாரம் என்றார்கள். மூன்று வாரமும் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "போரின்போதுகூட எங்களுக்கு ஜன்னல் இருந்தது" என்றாள். முன்பெல்லாம் இதைக் கேட்டுவிட்டு வந்து கயலிடம் வேடிக்கையாகச் சொல்லுவேன். இப்போது அவளும் நானும் ஒரே இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

6

இந்த இருபது நாளாக என் நாள் இப்படிப் போகிறது. நாலரைக்கு எழுந்து ஐந்தரை பஸ். ஒன்பது வீட்டில் நான்கு வீட்டுக்குத்தான் பஸ் போகிறது. மற்ற ஐந்தை வேறு நர்ஸிடம் கொடுத்துவிட்டார்கள், அந்தச் சம்பளமும் அவளுக்கு. நிறுத்தத்தில் நின்றுகொண்டே கணக்குப் போடுவேன். காரைச் சரிசெய்ய வேலை வேண்டும், வேலையைக் காப்பாற்றக் கார் வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் தாள்தான் எதிரே நிற்கிறது. போன வியாழக்கிழமை 'ஊர்' கணக்கிலிருந்து முன்பணத்தைக் கட்டிவிட்டேன். கட்டும்போது கணக்கின் பெயரைக் காட்டி, 'ஊரிலிருந்து எடுக்கவா?' என்று திரையில் கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன்.

அய்யாவிடம் சொல்லவில்லை. சொன்னால் முதல் வேலையாக "வர வேணாம்த்தா, காரைப் பாரு" என்பார். அந்த வார்த்தையைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. கார் எப்படி ஓடுகிறது என்று கேட்பார். நன்றாக ஓடுகிறது என்பேன். விதைத்தாயிற்றா என்று நான் கேட்பேன். ஆச்சு ஆச்சு என்பார். எங்கள் பக்கம் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார வேண்டும். மழை முந்திக்கொண்டால் அந்த வருடம் நெல் இல்லை. அதனால் புரட்டாசியில் எல்லா டிராக்டரும் ஒரே நேரத்தில் ஓடும், வாடகைக்குக்கூடக் கிடைக்காது. சொந்தமாக ஒன்று நிற்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

கயலுக்கு டிசம்பர் பயணத்தில் முதலிலிருந்தே இஷ்டமில்லை. பள்ளியில் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போகிறார்கள். "அங்க எனக்கு யாரு இருக்கா? தாத்தா பேசுறது எனக்குப் பாதி புரியாது, நான் பேசுறது அவருக்கு முழுசா புரியாது" என்று ஜெர்மனில் சொன்னாள். முக்கியமானதை எல்லாம் இப்போது ஜெர்மனில்தான் சொல்கிறாள். நான் தமிழில் கத்துகிறேன், அவள் ஜெர்மனில் மெதுவாகப் பதில் சொல்கிறாள், மெதுவாகச் சொல்கிறவள்தான் ஜெயிக்கிறாள். முன்பணம் கட்டிய அன்று, "இனி நீ சந்தோசமா பனியில வழுக்கப் போகலாம்" என்று வாய் தவறி வைதுவிட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். எய்தவள் நான் இருக்க அவளை நொந்தது பிசகு. அன்றைக்கே தெரிந்தும் மன்னிப்புக் கேட்கவில்லை.

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் சத்தம் போடக் கூடாது. மிக்சியில் சட்னி அரைத்தால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும், பிறகு வீட்டுக்காரருக்குக் கடிதம் போகும். அம்மியும் இல்லாமல் மிக்சியும் போட முடியாமல் வெறும் தயிர்ச் சோற்றோடு உட்கார்ந்திருந்தபோது அய்யா கூப்பிட்டார்.

"மழைத்தா! பாரு, நல்ல மழை!"

வீடியோவில் அய்யா எப்போதும் தன் தாடையைத்தான் காட்டுவார். நேற்று சந்தோசத்தில் போனைத் திருப்பினார். முற்றத்தில் தண்ணீர் ஓடியது. தகரக் கொட்டகையில் சடசடவென்று சத்தம். மழைக்கு ஒதுங்கிய ஆட்கள் நான்கைந்து பேர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் டிராக்டர். எனக்கும் சிரிப்பு வந்தது. விதைத்த பிறகு வந்த மழை, நல்ல காலம் என்று நினைத்தேன்.

என் தோளுக்கு மேலாகக் கயல் எட்டிப் பார்த்தாள். மூன்று நாளுக்குப் பிறகு அவளாக என் பக்கத்தில் வந்தது அப்போதுதான்.

"அம்மா, பழம் அப்படியே இருக்கு" என்றாள், தமிழில்.

"எந்தப் பழம்?"

"டிராக்டருக்குக் கீழே. எலுமிச்சம்பழம்."

"அய்யா, அந்த டிராக்டர்கிட்டக் காட்டுங்க" என்றேன்.

"அது அங்கனதான் நிக்கிது. நீ மழையப் பாருத்தா."

"சக்கரத்தைக் காட்டுங்கய்யா."

படம் ஆடியது, பிறகு நின்றது. பூசை மாலை சருகாகி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு எலுமிச்சம்பழம், பழுப்பாகிச் சுருங்கி, வைத்தது வைத்தபடி.

"பூசை அன்னைக்கி சாயங்காலம் எடுக்கலையா?"

படத்துக்குள் அய்யாவின் கை வந்து மாலைச் சருகை ஒதுக்கியது.

"வண்டி கெளம்புனாத்தானத்தா எடுக்க" என்றார் அய்யா. "மொத நாளு மோட்டாருல ஓஸ் பைப்ப மாட்டி நல்லாக் கழுவுனேன், பூசையாச்சேன்னு. சீட்டுக்கு அடியில ஒரு பொட்டி இருக்காம்ல, அதுக்குள்ள தண்ணி போயிருச்சாம். உசுரு அதுலதான் இருக்காம். மதுரையிலருந்து ஒருத்தரு லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு வரணும். வாரேன் வாரேன்னுதான் சொல்றாக. பொட்டி வெல கேட்டா தல சுத்துது. தண்ணி போனதுக்கு வாரண்டியும் கெடையாதாம்."

"அப்ப விதைப்பு?"

"எங்கிட்டு விதைக்க? எல்லாருக்கும் அதே வாரந்தான். ஒரு வண்டியும் சிக்கல. நெல்லு போச்சு. ஈரம் தோதா இருந்தா மொளகா நாத்தாச்சும் வைப்போம்."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா டிக்கெட்டுக் காச எடுத்து அனுப்பிருவ. நீ மட்டும் சொன்னியாக்கும்? புளியப் போட்டுக் காரைத் தேச்சவதான நீயி."

திரும்பிப் பார்த்தேன். கயல் சுவரில் எதையோ படிக்கிற மாதிரி நின்றாள். பள்ளி பஸ்ஸில் போகும்போது தாத்தாவிடம் பேசுவாளாம். பாதி புரியாதென்று சொன்னவள், மீதிப் பாதிக்காகப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறாள். "அம்மா அழுவுது, தாத்தா" என்று போன வாரம் சொல்லியிருக்கிறாள். அவரும் அதை மறைத்துக்கொண்டு, கார் எப்படி ஓடுகிறது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

"டிசம்பர்ல வர வேணாம்த்தா" என்றார் அய்யா. "ரெண்டு வண்டியும் ஓடட்டும். பெறகு பாத்துக்கிருவோம்."

இருபது நாளாக எந்த வார்த்தைக்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது. 'சரிய்யா' என்றேன். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு எழுபத்து நாலு. பிறகு என்பது எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் போனை மறுபடி தாடைக்குத் திருப்பிக்கொண்டார். தாடை ஆடியது.

கயல் போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"தாத்தா, பழம் நசுக்கணும்ல? அப்பத்தானே பூஜை முடியும்?"

"ஆமா தாயி. அது பாக்கிதான்."

"அப்ப தள்ளுங்க."

அய்யா டிராக்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலே மாறிவிட்டது. "ஏலே, இங்கன வாங்கலே எல்லாரும். ஒரு கை புடிங்க. எம்பேத்தி சொல்லுது" என்று கொட்டகையில் ஒதுங்கியவர்களைக் கூப்பிட்டார். போனை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்தார். நான்கு பேர் பின்னால் தோளைக் கொடுத்தார்கள். முதல் தடவை அசையவில்லை. இரண்டாவது தடவை சக்கரம் அரை முழம் உருண்டது. காய்ந்துபோன பழங்கள் சாறு இல்லாமல், சத்தமும் இல்லாமல் நசுங்கின.

"ஆரன் மட்டும் வேல செய்யுதுத்தா!" என்று கத்திய அய்யா அதை அழுத்தினார். மழைச் சத்தத்துக்கு மேலே நீளமாக ஒரு ஹாரன். ஓடாத டிராக்டரின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஊரைவிட்டுக் கிளம்புகிறவர் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தார்.

கயல் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மாடத்தில் இருந்த கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினாள். ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். காரின் கதவைத் திறந்து உட்கார்ந்து, ஸ்டியரிங் நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அந்தத் தெருவே அதிர்ந்தது. போனைத் தூக்கி வெளியே நீட்டினேன், அய்யாவுக்குக் கேட்கட்டும் என்று.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கயல் கையை எடுக்கவில்லை.